நகரத்துக் கூகையின் சாப்பாடு

"எந்தத் தட்டுல எது இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு உருண்டை. மொத்தத்தையும் ஒரே பேசின்ல கொட்டிட்டேன். இடமும் மிச்சம்" என்றாள் மனைவி.

டாக்டர் பேசினைப் பார்த்தார். பிறகு, பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தார்.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க? எங்க ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ரிட்டயர் ஆகுறாங்க, கேக் செஞ்சு எடுத்துட்டுப் போகணும்னு போன வாரமே சொன்னேன்ல? அதுக்குத் தட்டு வேணாமா? கொதிக்கிற தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுறேன், அந்த நாத்தம் போவேனாங்குது."

"கொட்டும்போது... முதல்ல எந்தத் தட்டைக் கொட்டின?"

"அதையெல்லாம் யாரு பார்த்தா?"

டாக்டர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் அவர் இன்னும் டாக்டர் இல்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து வருடக்கணக்கில் ஓடிவிட்டதால், தெருக்காரர்களே பொறுமையிழந்து பட்டம் கொடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பார். "நான் ஆந்தை டாக்டர்ங்க" என்றால், "பரவாயில்ல, உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்பார்.

ஆந்தையிலும் எல்லா ஆந்தையும் அல்ல. கூகை. இதய வடிவில் வெள்ளை முகம் கொண்டது. அது எலியைக் கடித்து மென்று தின்பதில்லை, அப்படியே விழுங்கிவிடும். ஜீரணமாகாத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகச் சுருட்டி மறுபடி கக்கிவிடும். அந்த உருண்டையை ஊறவைத்துப் பிரித்தால், உள்ளே இருக்கும் மண்டையோட்டையும் பல்லையும் வைத்து அது என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிடலாம். இதில் டாக்டர் கெட்டிக்காரர். ஒரு பல்லைக் கையில் கொடுத்தால் போதும், இது சுண்டெலி, இது வயலெலி, இது மூஞ்சூறு என்று தடவிப் பார்த்தே சொல்வார். மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இந்தத் திறமைக்கு இடமில்லை என்பதுதான் குறை.

நகரத்துக் கூகையும் வயற்காட்டுக் கூகையும் வேறு வேறு சாப்பாடு சாப்பிடுகின்றன என்று நிரூபிப்பதுதான் ஆராய்ச்சி. நகரத்துக்கு, கடைத்தெரு நடுவில் மூடிக் கிடக்கும் மாவு மில். வயற்காட்டுக்கு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு விவசாயியின் தானியக் களஞ்சியம். களஞ்சியத்தை அடையாளம் காட்டியதே மில் காவலாளிதான். விவசாயி அவருடைய மச்சான்.

முதல் வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மில் உருண்டையில் சுண்டெலி, மூஞ்சூறு, சிட்டுக்குருவி. களஞ்சிய உருண்டையில் பெரும்பாலும் வயலெலி. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை தட்டிக்கொடுத்தார். அதற்கடுத்த இரண்டு வருடங்களில்தான் கிரகம் பிடித்தது. மில் உருண்டையிலும் வயலெலி வர ஆரம்பித்தது. சுற்றிலும் சிமென்ட்டும் தாருமாக இருக்கும் கடைத்தெருவில் கூகைக்கு வயலெலி எங்கிருந்து கிடைக்கும்?

"ஆந்தைமேல தப்பில்லப்பா. உன் கை சுத்தமில்ல. எங்கேயோ கலக்குற" என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காக டாக்டர் சரியாகச் சாப்பிடாமல் இருந்த நாட்கள் உண்டு. தன் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார். பேராசிரியைக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. அவர் போய்விட்டால் வேறு யாரும் இவரை மாணவராக ஏற்கப் போவதில்லை. பல்கலைக்கழகமும் இதுதான் கடைசி அவகாசம் என்று சொல்லிவிட்டது. பட்டம் கைநழுவினால் மனைவியின் அண்ணன் நடத்தும் பெயின்ட் கடைதான் கதி. அவர் எப்போது வந்தாலும், "கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டே வெச்சிருக்கேன் மாப்ள" என்று அன்பாகச் சொல்வார். அந்த அன்பைக் கேட்டதுமே டாக்டர் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுவார்.

ஆகவே இந்தக் கடைசித் தொகுப்பை அவர் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டார். கிருமி போக மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். ஆய்வகத்து ஓவன் பழுதாகி நெடுங்காலம் ஆகிவிட்டதால் வீட்டு ஓவன். சீட்டு ஒட்டினால் சூட்டில் கருகிவிடும் என்று தட்டையே அடையாளமாக வைத்துக்கொண்டார். குழித்தட்டில் மில். சமதட்டில் களஞ்சியம். எந்த மடையனும் மறக்க முடியாத ஏற்பாடு. தட்டு கழுவப்படும் என்பதை மட்டும் அந்த மடையன் யோசிக்கவில்லை.

"சரி சரி, அழாதீங்க" என்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தானே கொட்டினேன், நானே பிரிச்சுத் தரேன். குழித்தட்டுல பெருசு பெருசா இருந்த மாதிரி ஒரு ஞாபகம்."

இருவரும் பேசினை நடுவில் வைத்துப் பெரியதையும் சிறியதையும் பிரித்தார்கள். பாதிக்கு மேல் பிரித்தபிறகு மனைவி நிறுத்தினாள்.

"இல்லைங்க. பெருசு குழியில அடங்காதே. சின்னதுதான் குழித்தட்டு."

மறுபடி கொட்டி மறுபடி பிரித்தார்கள். சில உருண்டைகள் உதிர்ந்தன. ஒரு மூஞ்சூறின் தாடை மனைவியின் புடவை மடிப்பில் போய் ஒளிந்துகொண்டது.

அப்போதுதான் டாக்டருக்கு ஒன்று உறைத்தது. முதலில் கொட்டியது அடியிலும் அடுத்துக் கொட்டியது மேலேயும்தானே இருந்திருக்கும்? தொடாமல் விட்டிருந்தால் ஓரளவுக்காவது கண்டுபிடித்திருக்கலாம். இப்போது அவர் கையாலேயே, இரண்டு முறை, நன்றாகக் கிளறியாயிற்று.

"இப்பதான் நிஜமாவே கலந்துபோச்சு" என்றார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

மில் காவலாளிக்குப் போன் போட்டார். காவலாளி தங்கமான மனுஷர். மேல்தளத்துக்குப் போகும் மரப்படி உளுத்துவிட்டது என்று டாக்டரை ஏறவே விடமாட்டார். தானே பொறுக்கிப் பையில் போட்டு வைத்திருப்பார். டாக்டர் வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வந்து, மருமகள் கதையிலிருந்து மூலவியாதி வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்துத்தான் பையைக் கொடுப்பார்.

"அண்ணே, அவசரமா கொஞ்சம் உருண்டை வேணும். நாளைக்கே."

"நாளைக்கா?" காவலாளி தயங்கினார். "நாளைக்குன்னா கஷ்டம் தம்பி. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். போயிட்டு வந்து தரேனே."

"எனக்கு வெள்ளிக்கிழமை மேடத்துக்கிட்ட ரிசல்ட் காட்டணும்ணே. நானே வந்து மேல ஏறிப் பொறுக்கிக்கிறேன்."

"ஐயய்யோ, வேணாம் தம்பி! படி உளுத்துக் கிடக்கு. நீங்க விழுந்து கைகால் ஒடிஞ்சா உங்க வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க."

இப்படி அக்கறையோடு பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? போனை வைத்தார்.

களஞ்சியமாவது கைகொடுக்கும் என்று அடுத்த பஸ்ஸில் ஏறினார். அங்கே போனால் களஞ்சியம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். உத்தரத்தில் கூகை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இந்த மாற்றத்தில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"உருண்டையா?" விவசாயி தலையைச் சொறிந்தார். "கூட்டி எருக்குழியில தள்ளியாச்சே சார். அதுவும் கொஞ்சந்தான் கிடந்துச்சு. ஓயாம அள்ளிட்டுப் போயிக்கிட்டே இருந்தா அது எங்கேருந்து கக்கும்? அதுக்கும் வயிறு ஒண்ணுதானே?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஏதோ ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வந்து போகிறவரை இந்த மனிதர் ஏன் திருடனைப்போல் பேசுகிறார்? ஆனால் ரோஷப்படுகிற நிலைமையில் அவர் இல்லை. கால்சட்டையை மடித்துக்கொண்டு எருக்குழியில் இறங்கினார். முழங்கால் வரைக்கும் போயிற்று. கிடைத்ததெல்லாம் ஒரு பழைய செருப்பும், எதனுடையது என்று அவருக்கே தெரியாத ஒரு விலா எலும்பும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைச் சுற்றி நான்கு வரிசை காலியாக இருந்தது. வீட்டில் மனைவி கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டு, "பின்பக்கமா வாங்க, வாளி வெச்சிருக்கேன்" என்று சொல்லி மூடிக்கொண்டாள். தோட்டத்தில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு நிற்கையில் டாக்டருக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. தன்னைப்போல் ஒரு உருப்படாதவன் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்று திடமாக நம்பினார். எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "டாக்டர், இது என்ன வைத்தியம்? மூட்டுக்கும் கேக்குமா?" என்றார்.

மறுநாள் மனைவி கேக்கோடு வேலைக்குப் போனதும், டாக்டர் சாப்பாட்டு மேஜைமேல் பேசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். அது தப்பு என்றும் தெரியும். வயலெலி இருக்கிற உருண்டையெல்லாம் வயற்காட்டுக் கூகையுடையது. சுண்டெலியும் குருவியும் இருப்பவை நகரத்துக் கூகையுடையவை. விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்றமாதிரி கேள்வியை எழுதுகிற வேலை. சின்ன வயதில் பரீட்சையில்கூடக் காப்பியடிக்காத மனிதர்.

ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பிரித்தார். வயலெலி. வயலெலி. மறுபடியும் வயலெலி. இடது பக்கம் குவியல் உயர்ந்துகொண்டே போயிற்று. வலது பக்கத்தில் நாலு சுண்டெலி, மூஞ்சூறு, ஒரு குருவி என்று ஏதோ தெளித்தமாதிரி கிடந்தது. நகரத்துக் கூகை பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருப்பதாகத்தான் அதைப் பார்த்தால் தோன்றும்.

இரண்டு தட்டும் சமமாக நிரம்பியிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கணக்கு இடித்தது. இனிமேல் கணக்கு இடித்தால் என்ன, குத்தினால் என்ன? இடது குவியலில் பாதியை வாரித் தோட்டத்தில் புதைத்தார். ஒரு உருண்டையில் வயலெலியும் குருவியும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பொல்லாத உருண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் புதைத்தார். கொலை செய்துவிட்டு வந்தவரைப்போல் சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவினார்.

சாயங்காலம் மனைவி வந்து முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"என்ன பண்ணீங்க?"

சொன்னார்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன். என்னாலதான் கலந்துச்சுன்னு சொல்லுங்க. நான் வேணும்னா வந்து சொல்றேன்."

"ஏற்கெனவே கை சுத்தமில்லன்னு சொல்லிட்டாங்க. இப்பப் போய் நிஜமாவே கலந்துபோச்சுன்னு சொன்னா, ரெண்டு வருஷமா அவங்க சொன்னதெல்லாம் சரின்னு ஆயிடும். நான் கலக்கலம்மா. அந்த ரெண்டு வருஷமும் சத்தியமா நான் கலக்கல. ஆனா அதை இனிமே யாரு நம்புவா?"

மனைவி மிச்சமிருந்த கேக்கை எடுத்து வைத்தாள். அதில் லேசாக அந்த நாற்றம் அடித்தது. இருந்தாலும் இருவரும் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியை முடிவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நூத்துக்கு நூறு! இந்தப் பக்கம் ஒரு வயலெலி இல்ல. அந்தப் பக்கம் ஒரு குருவி இல்ல. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லப்பா!"

"மேடம், அதுல ஒரு சின்ன விஷயம்..."

"பேசாத. உன்னைப் போய்க் கை சுத்தமில்லன்னு சொன்னேனே. மனசுல வெச்சுக்காத." பேராசிரியை கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார். "போறப்ப என் கடைசிப் பையனை அம்போன்னு விட்டுட்டுப் போறோமேன்னு எனக்குத் தூக்கமே இல்ல, தெரியுமா?"

அப்படிச் சொல்கிற ஒருவரிடம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? டாக்டர் வாயை மூடிக்கொண்டார். அதுதான் வினையாயிற்று. பேராசிரியை அங்கேயே போனை எடுத்து வெளித்தேர்வாளரிடம் பேசினார். அவர் வாழ்நாளெல்லாம் கூகைக்குப் பின்னால் அலைந்த பெரியவர். இவ்வளவு துல்லியமாகச் சாப்பிடும் பறவையை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். திங்கட்கிழமை புறப்பட்டு வருகிறாராம். முதலில் மில்லைப் பார்க்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் பெயின்ட் கடை நாற்காலியில் மனதுக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மில் வாசலில் பேராசிரியையும் தேர்வாளரும் இறங்கினார்கள். தேர்வாளர் ஒல்லியாக, தலை முழுக்க நரைத்து, கழுத்தில் பைனாகுலரோடு இருந்தார். காவலாளி அவர்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்தார். அப்புறம் இன்னொரு தரம் துடைத்தார். விட்டால் ஸ்டூலே தேய்ந்துவிடும்போல இருந்தது.

"ஆந்தை எங்கப்பா உட்காரும்?" என்றார் தேர்வாளர்.

"மேலங்க. ஆனா போக முடியாதுங்க. படி உளுத்துப்போச்சு. ரொம்ப ஆபத்துங்க. டீ சாப்பிடுறீங்களா? பக்கத்துலதான் கடை."

"நான் ஏறாத மரமா, மலையா!" என்று சொல்லிவிட்டு, அவர் வேட்டி நுனியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிடுகிடுவென ஏறிவிட்டார். படி ஒரு முனகல்கூட முனகவில்லை. டாக்டர் படியைப் பார்த்தார். காவலாளி வானத்தைப் பார்த்தார்.

மேலே காலடிச் சத்தம் அங்குமிங்கும் போயிற்று. பிறகு நின்றது. பிறகு குரல் வந்தது.

"மேடம்! இங்க புதுசா ஒரு உருண்டைகூட இல்லையே! ஒட்டடைதான் தொங்குது. பழைய புறாக்கூடு ஒண்ணு இருக்கு. ஆந்தை இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாயிருக்கும்போல!"

பேராசிரியை மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இருந்தது பயம். போகிற நேரத்தில் ஏமாந்துவிட்டோமோ என்கிற பயம்.

அதற்குமேல் டாக்டரால் முடியவில்லை. பட்டம் போனால் போகட்டும், நாற்காலி காத்திருக்கிறது.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன்" என்றார். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "வீட்டுல மில் உருண்டையும் களஞ்சிய உருண்டையும் ஒண்ணாக் கலந்துபோச்சு. எது எதுன்னு தெரியல. நானா எலும்பைப் பார்த்துப் பிரிச்சேன். கணக்குல இடிச்சதைத் தோட்டத்துல புதைச்சேன். நீங்க சொன்னது சரிதான். என் கை சுத்தமில்ல. நான்தான் கலந்தேன் மேடம், நான்தான் கலந்தேன்."

கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்த தேர்வாளர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

காவலாளிக்குத்தான் பொறுக்கவில்லை. ஸ்டூல் துடைத்த துணியாலேயே டாக்டரின் முகத்தைத் துடைத்தார்.

"அழாதீங்க தம்பி, நீங்க எங்க கலந்தீங்க? இந்த மில்லு ஆந்தை செத்து ரெண்டு வருஷமாச்சு. சொன்னா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களேன்னு, ஊருக்குப் போறப்பல்லாம் மச்சான் களஞ்சியத்துலேருந்து நான்தான் அள்ளிட்டு வந்து குடுத்துக்கிட்டிருந்தேன்."